ஆகாசத் துரை எண்ணிய இலைகள்

வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கடவுளைச் சொல்லவில்லை. அவரோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை; ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்கிறவள் நான். நான் சொல்வது எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்த ஒரு மனிதரை. செயற்கைக்கோள் எடுத்த படத்தை வைத்து, கம்பெனியின் ரப்பர் தோட்டங்களில் எங்கே எவ்வளவு இலை இருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்ல வந்தவர். இலை அடர்த்தியாக இருந்தால் நல்ல மரம். இலை குறைந்தால் கிழ மரம். கிழ மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடலாம். அவருடைய சாஸ்திரம் மொத்தமே இவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு அவர் வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார்.

அவர் தமிழர்தான். ஆனால் தமிழில் பேசும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் குடிக்கிறவரைப் போல முகம் வைத்துக்கொள்வார். தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் என்னைப் பார்த்து "உங்க ஆளுங்க" என்பார். அவருடைய ஆட்கள் யார் என்று நான் கேட்டதில்லை. தோட்டத்தில் அவருக்கு ஆகாசத் துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். துரை என்று தம்மைப் பற்றி ஜனங்கள் பேசிக்கொள்வது அவர் காதில் விழுந்து, அதில் அவருக்கு ஏக மகிழ்ச்சி. ஆகாசம் எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை.

நான் அந்த ஆபீசில் வரைபடப் பகுதியில் வேலை பார்த்தேன். பகுதி என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். ஒரு சாய்வு மேசை, ஒரு விளக்கு, நான், அவ்வளவுதான். ஒவ்வொரு தோட்டத்தையும் பிரித்திருந்த டிவிஷன்களின் எல்லைகளை மையில் வரைவது, எந்த வருஷத்து நடவு எந்த நிறம் என்று தீட்டுவது என் வேலை. நிறம் கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டத் தெரிந்த ஒரே காரணத்துக்காக என்னை அவருக்கு உதவியாளராகக் கொடுத்தார்கள். அவர் என்னை முதல் நாள் பார்த்துக் கேட்ட கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கண்ணு நல்லாத் தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

படம் பாங்காக்கிலிருந்து ஒரு நீளக் குழாயில் சுருட்டி வந்தது. அதை மேசையில் விரித்தபோது ஆபீசே கூடி நின்றது. எங்கள் ஊர் எங்கே என்று தேடினார்கள். பேராக் மலை எது, மூடா ஆறு எது என்று ஆளாளுக்கு விரலை வைத்தார்கள். படம் முழுக்கச் சிவப்பு. மேனேஜர் ஒருவர், தோட்டம் முழுக்க நோய் பிடித்துவிட்டதா என்று கேட்டேவிட்டார். அப்படி இல்லை. நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை இலை திருப்பி அனுப்புகிறது. செயற்கைக்கோளுக்கு அது தெரியும். அந்த வெளிச்சத்தைத் தாளில் சிவப்பாக அச்சடிக்கிறார்கள். சிவப்பு கூடக்கூட இலை கூடுதல். வெறும் மண் நீலமும் சாம்பலுமாக விழும். தண்ணீர் கறுப்பு. இதை ஆகாசத் துரை விளக்கியபோது நான் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டேன். அந்தப் படத்தை எனக்குப் பிடித்திருந்தது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த எந்திரத்தின் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் கோபமில்லை. அது பார்த்ததைப் பார்த்தபடி சொன்னது. அதைப் படித்தவர்களுக்குத்தான் கண் இல்லை.

கணக்கெடுக்கும் முறை இப்படி. ஒரு கண்ணாடித் தாளில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் அச்சாகியிருக்கும். அதை ஒவ்வொரு டிவிஷன் மேலேயும் வைக்க வேண்டும். சிவப்பில் விழுகிற புள்ளிகளை ஒரு பக்கமும் சாம்பலில் விழுகிற புள்ளிகளை மறுபக்கமும் எண்ண வேண்டும். பாதிக்குமேல் சிவப்பு என்றால் டிவிஷன் பிழைத்தது. பாதிக்குக் கீழே போனால் செத்தது. எண்ணியது நான். அவர் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்துக்கொண்டு, நான் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்வார். இளஞ்சிவப்பு வந்தால் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று ஒருமுறை கேட்டேன்.

"அதான் கண்ணு நல்லாத் தெரியும்னு சொன்னியேம்மா," என்றார்.

அறிவியல் என்று அவர் சொன்னது பாதி என் கண்தான்.

படத்தின் ஓரத்தில் அது எடுக்கப்பட்ட மாதம் அச்சாகியிருந்தது. பிப்ரவரி. தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் பிப்ரவரி என்றால் என்னவென்று சொல்வார்கள். எங்கள் கெடா மாநிலத்தில் ரப்பர்ப் பால்மரம் இலை கொட்டும் காலம் அது.

எழுபதுகளில் நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்த மாதங்களில் கூரைத் தகரத்தின் மேல் இலை விழும் சத்தம் ஓயவே ஓயாது. இலை முதலில் செம்பு நிறமாகும், பிறகு கொத்துக் கொத்தாக உதிரும். நேற்றுவரை நிழலாக இருந்த இடத்தில் வெயில் நேராக இறங்கும். பால் சுரப்பு குறைந்துவிடும், அதனால் சம்பளமும் இளைத்துப் போகும். எங்கள் வீட்டில் தவக்காலமும் இலை கொட்டும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேரும். இறைச்சி சாப்பிடக் கூடாது என்று சாமியார் பிரசங்கம் வைப்பார். அவர் சொல்லாவிட்டாலும் நாங்கள் சாப்பிட்டிருக்கப் போவதில்லை. பிறகு ஈஸ்டரை ஒட்டி மரத்தில் பளபளவென்று புதுத் தளிர் வந்துவிடும். மரம் சாகவில்லை, நோய் வரவில்லை, சட்டையை மாற்றிக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். இது ரகசியம் ஒன்றும் இல்லை. ரப்பரைப் பற்றி எழுதிய எல்லாப் புத்தகத்திலும் இருக்கும்.

பிப்ரவரியில் எதற்குப் படம் எடுத்தார்கள் என்றால், மற்ற மாதங்களில் கெடாவின் மேல் மேகம் விலகாது. அவர்கள் வாங்க முடிந்த தெளிவான படம் அது ஒன்றுதான். வருஷத்தில் வானம் கண் திறக்கும் நேரமும் மரம் அம்மணமாக நிற்கும் நேரமும் ஒன்று. இதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போகத் தேவையில்லை. சன்னலைத் திறந்தால் போதும்.

நான் அவரிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். "சார், இது எலை கொட்டுற மாசத்துப் படம். இதுல மரத்துல எலையே இருக்காது."

அவர் சிரித்தார். குழந்தை ஏதோ கேட்டதற்குச் சிரிப்பதுபோல. "எல்லா டிவிஷனும் ஒரே நேரத்துலதானே கொட்டும்? அப்ப எல்லாத்துக்கும் ஒரே அளவுகோல். கம்பேரிசன் சரியாத்தான் வரும்."

"ஒரே நேரத்துல கொட்டாது சார். சில ஜாதி மரம் முன்னாடியே மொத்தமா கொட்டிடும். சிலது கொஞ்சம் கொஞ்சமா—"

"நீ கவுண்ட் பண்ணும்மா. யோசிக்கிறது என் வேலை."

அந்த வேலையை அவர் எப்போது செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை.

பீடோங்குக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டத்தைக் கடைசியாக எண்ணினோம். இரண்டாம் டிவிஷன் படத்தில் ரத்தச் சிவப்பாக இருந்தது. அங்கே மரம் பாதி விழுந்து கிடந்தது. ஆட்கள் எல்லாரும் பினாங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் ஃபேக்டரி வேலைக்குப் போய், வரிசை வீடுகள் இருந்த லயமே காலி. லாலாங் புல்லும் கொடியும் புதரும் ஆள் உயரத்துக்கு மண்டி, பட்டப்பகலிலும் பன்றி நடமாடும் இடம். அதற்கு ஆகாசத் துரை "மிகச் சிறப்பு" என்று எழுதினார். பிறகு கண்ணாடித் தாளை நாலாம் டிவிஷன் மேல் வைத்தேன். சாம்பல். எங்கே பார்த்தாலும் சாம்பல். அந்த டிவிஷனில் எல்லாமே ஒரே ஜாதி மரம், ஒரே வருஷத்து நடவு, ஒரேயடியாக இலையைக் கொட்டிவிடும். கீழே தரையோ கல்யாண வீட்டு வாசல்போலச் சுத்தம். புல் தலைகாட்டினால் மருந்தடித்துக் கொன்றுவிடுவார்கள். மேலே இலை இல்லை, கீழே புல் இல்லை, செயற்கைக்கோள் பாவம், மண்ணைப் பார்த்தது. மண் என்று சொன்னது.

"நாலாம் டிவிஷன் முடிஞ்சுது," என்றார் ஆகாசத் துரை. தே தாரிக்கை ஒரு மிடறு குடித்தார்.

நாலாம் டிவிஷனில் என் அக்கா இருந்தாள்.

அக்காவுக்கும் எனக்கும் அம்மா அப்பா இல்லாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பால் வெட்டப் போய் என்னைப் படிக்க வைத்தவள் அவள். அத்தான் அதே டிவிஷனில் மருந்தடிப்பு மண்டோர். புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்களை மேய்க்கிற வேலை. மூன்று பிள்ளைகளும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. மரத்தை வெட்டினால் பால்வெட்டு இல்லை; பால்வெட்டு இல்லை என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். செம்பனைக்கு வெளியிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்களைக் கொண்டுவருவார்கள். எங்கே போவாய் என்று கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி வெளியே போன குடும்பங்கள் ஆற்றோரம் பலகை அடித்துக் குடியிருந்ததை நாங்கள் பார்த்திருந்தோம்.

ஆகாசத் துரை நேரில் ஒரு சோதனையும் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். படத்தில் கண்டதைத் தரையில் போய்ச் சரிபார்ப்பது அந்தத் தொழிலின் விதி. விதியை அவர் மீறவில்லை. வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு ஜூன் மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு காரில் வந்தார். மரமெல்லாம் தழைத்துக் குடைபோல நின்றது. பிப்ரவரிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜூன் மாதத்து மரத்தைச் சன்னல் வழியாகப் பார்த்தார். இறங்கவில்லை. அட்டை கடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"வெளியிலேருந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள ஸ்ட்ரெஸ்," என்றார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

ஆனாலும் உடனே வெட்டச் சொல்லி அவர் எழுதவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருஷப் படத்துக்கும் கம்பெனி காசு கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு சாக்கு வேண்டும். ஆகவே நாலாம் டிவிஷனுக்குத் தாம் சொல்கிற உரத்தை ஒரு வருஷம் போட்டுப் பார்ப்பது, அடுத்த பிப்ரவரிப் படத்தில் பாதிக்குமேல் சிவப்பு வந்தால் விடுவது, வராவிட்டால் வெட்டுவது என்று முடிவாயிற்று. உரம் போட்டால் பிப்ரவரியில் மரம் இலை கொட்டாது என்று அவர் நம்பினாரா, இல்லை அதைப் பற்றி யோசிக்கவே இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எது மோசம் என்றும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை பஸ் பிடித்து பீடோங் போய், அங்கிருந்து தெரிந்தவர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனேன். அக்கா அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் வாசலில் உட்கார்ந்து மருந்து டாங்கியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அந்த ஆளைத் திட்டினேன், ஆபீசைத் திட்டினேன், இரண்டாம் டிவிஷன் புதருக்கு மிகச் சிறப்பு என்று எழுதியதைச் சொல்லிக் காறித் துப்பாத குறை.

அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். "இருடி. ரெண்டாம் டிவிஷன் செவப்பாவா இருந்துச்சு?"

"ஆமா. அங்க இருக்கிறது பூரா புல்லு. அந்தப் படத்துக்கு எலையும் ஒண்ணு, புல்லும் ஒண்ணு. பச்சையா இருந்தாப் போதும்."

"அப்ப நம்ம டிவிஷன்ல புல்லு இருந்தா?"

அத்தான் துடைப்பதை நிறுத்தினார்.

"அடியே, என்ன பேசுற நீ? நான் மண்டோர். புல்லு மொளச்சா மொதல்ல என் வேலைதான் போவும். கஷ்டம், சுசாலா."

"பெரிய துரை எங்க நின்னு பாக்குறாரு?" என்று அக்கா தோட்ட மேனேஜரைப் பற்றிக் கேட்டாள்.

"ஜீப்புலதான். ரோட்டுலேருந்து."

"எறங்கி உள்ள வந்து எத்தனை வருஷமாச்சு?"

அத்தான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"ஆகாசத்துலேருந்து பாக்குறவனுக்குப் புல்லும் மரமும் ஒண்ணு. ஜீப்புலேருந்து பாக்குறவனுக்கு ரோட்டோரம் சுத்தமா இருந்தாப் போதும். ரெண்டு பேருக்கும் வேணுங்கிறத குடுத்துருவோம்லா," என்று சொல்லிவிட்டு அக்கா கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அத்தான் அன்று சாப்பிடவே இல்லை. மறுநாள் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, மருந்தடிக்கும் பெண்களைக் கூப்பிட்டு மாமரத்தடியில் பேசினார். அவர்களில் ஒருத்திகூட மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது, அவர்கள் எல்லாருக்கும் வீடு அந்த லயத்தில்தான்.

அந்த வருஷம் நாலாம் டிவிஷனில் நடந்ததை வேறு எங்கேயும் நான் கேள்விப்பட்டதில்லை. உள்ளே அடிக்க வேண்டிய மருந்தையும் சேர்த்து ரோட்டோர வரிசைகளிலேயே அடித்தார்கள். ரோட்டோரத்தில் ஒரு புல் பூண்டு இல்லை. ஜீப்பில் போன பெரிய துரை, டிவிஷன் இவ்வளவு சுத்தமாக இருந்து தாம் பார்த்ததே இல்லை என்று அத்தானைப் பாராட்டினார். ரோட்டிலிருந்து உள்ளே கொஞ்சம் தள்ளிப் போனால் கொடியும் லாலாங்கும் இடுப்புக்கு வந்துவிட்டது. ஆகாசத் துரையின் உரம் மூட்டை மூட்டையாக வந்தது. மரத்துக்கும் போட்டார்கள், அதைவிடப் புல்லுக்குத் தாராளமாகப் போட்டார்கள். புல் செழித்தது. பால் வெட்டப் போகிறவர்கள் பாம்புக்குப் பயந்து கம்பால் தட்டிக்கொண்டே நடந்தார்கள். அக்கா காலெல்லாம் புல் அறுத்த கீறல்.

புல்லைவிட நெருப்புக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். இலை கொட்டும் காலத்தில் மழை இருக்காது. பச்சைப் புல் லேசில் எரியாது. அதன் மேல் விழுந்து தொங்கும் சருகு எரியும். சுத்தமான தரையில் சருகு பிடித்தால் மிதித்து அணைத்துவிடலாம். அந்தப் புதருக்குள் பிடித்தால் மரம், லயம் எல்லாம் போய்விடும். அதனால் ஜனவரியிலிருந்து டிவிஷனுக்குள் யாரும் சுருட்டு பீடி பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. கோயில் திருவிழாவுக்குக்கூட வெடி இல்லை, வேதக்காரர்களான எங்களுக்கும் சரி, இந்துக்களுக்கும் சரி. வாயில் வெறும் பீடியை வைத்துக்கொண்டு பற்றவைக்காமல் மென்றுகொண்டு திரிந்த கிழவர்களை நான் பார்த்தேன்.

இரண்டாவது படம் வந்தது. நான் கண்ணாடித் தாளை நாலாம் டிவிஷன் மேல் வைத்தேன். அதற்கு வேலையே இல்லை. புள்ளி புள்ளியாக எண்ணத் தேவையில்லாமல் டிவிஷன் முழுக்கச் சிவந்து கிடந்தது. ரோட்டோரம் மட்டும் ஒரு சாம்பல் கோடு, கரைவேட்டியின் கரைமாதிரி. ஆகாசத் துரை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாத்தியா? உரம்!"

"ஆமா சார்," என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசித்து ஒரு பொய்யைச் சொன்னதில்லை.

டிவிஷன் தப்பியது. வெட்டும் உத்தரவை ரத்து செய்து கடிதம் வந்தது. ஆகாசத் துரைக்குக் கோலாலம்பூரில் பதவி உயர்வு கிடைத்தது, அவருடைய முறையை மற்ற தோட்டங்களிலும் செய்யலாம் என்று முடிவாயிற்று. ஒரு மனிதர் புல்லைப் பார்த்து மரம் என்று சொல்லி, அதற்காகப் பாராட்டும் வாங்கி, மேலே ஏறிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு பதவி எதையும் மதிக்க என்னால் முடியவில்லை.

அதோடு விட்டிருந்தால் போதும். அடுத்த பிப்ரவரியில் தம்முடைய வெற்றியைக் கம்பெனி விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்கு அவர் நாலாம் டிவிஷனுக்கே கிளம்பி வந்தார். வருஷா வருஷம் படம் எடுப்பார்கள் என்பதால் புல்லை நாங்கள் வெட்டவில்லை. அதுவும் இடுப்பளவு நின்றது. மரமெல்லாம் குச்சி குச்சியாக மொட்டையாக நின்றது. ரோட்டோரத்தில் பந்தல் போட்டு, தோட்டத்து வழக்கப்படி மாலை மரியாதைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். டிவிஷன் சார்பில் மாலை போட அக்காவை நிறுத்தினார்கள். நான் ஆபீசிலிருந்து படத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

பந்தலிலேயே மாலையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆகாசத் துரைக்கு உள்ளே போக வேண்டும். இந்தத் தடவை பூட்ஸ் போட்டிருந்தார். அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் பாதை வெட்டிவிட்டார்கள், எல்லாரும் வரிசையாக உள்ளே போனோம். ஒரு இடத்தில் நின்று, அட்டையில் ஒட்டிய படத்தை என் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டு ஆகாசத் துரை ஆங்கிலத்தில் விளக்கினார். இது இலை, இது இலை, இது இலை என்று சிவப்பின் மேல் விரலை வைத்துக் காட்டினார். விருந்தாளிகள் படத்தின் மேல் குனிந்தார்கள். அவர்கள் குனிந்திருந்தபோது காய்ந்த இலைகள் அவர்கள் தலையிலும் தோளிலும் படத்தின் மேலும் விழுந்துகொண்டே இருந்தன. ஆகாசத் துரை அவற்றைக் கையால் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் பேசினார். ஒருவர்கூட, சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவர்கூட தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை. பெரிய துரை மட்டும் பார்த்தார். மரத்தைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் டிவிஷன் தேறிவிட்டது என்று கம்பெனிக்குப் போன அறிக்கையில் அவருடைய பெயரும் பாராட்டில் இருந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பேசி முடித்த களிப்பில் ஆகாசத் துரை ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

எங்கள் ஆட்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். யாருக்கும் வாய் வரவில்லை. இங்கே பிடிக்காதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் சருகு, புல். புல்லா, எங்கே புல், ஏன் இவ்வளவு புல்? அந்தக் கேள்வி அவர் வாயில் வந்துவிட்டால் வீடு போச்சு. அவர் பாதி பிடித்தார். யாரோ மாலை, மாலை என்றார்கள். அக்கா மரியாதைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு முன்னே போனாள். ஆகாசத் துரை மாலைக்குத் தலையைக் குனிவதற்காக, கையில் இருந்த சிகரெட்டைப் பக்கத்தில் சுண்டிவிட்டார். அது போய் விழுந்த இடத்தையும் அவர் பார்க்கவில்லை.

சருகில் ஒரு சின்னப் புகை எழுந்தது. அக்கா மாலையைப் போட்டுக்கொண்டே ஒரு எட்டு பக்கவாட்டில் வைத்து, வெறுங்காலை அதன் மேல் வைத்து அழுத்தினாள். அழுத்திய கால் அழுத்தியபடி இருக்க, இரண்டு கையையும் கூப்பினாள். முகத்தில் சிரிப்பு.

"ரொம்ப நன்றிங்க தொரை. ஒங்களாலதான் எங்களுக்கு வீடு," என்றாள்.

ஆகாசத் துரைக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோக்காரரைக் கூப்பிட்டு அதே மாதிரி நிற்கச் சொன்னார். போட்டோக்காரர் சரிசெய்துகொண்டு எடுக்கும்வரை அக்கா அப்படியே நின்றாள். கால் எடுக்கவில்லை, சிரிப்பும் போகவில்லை. உள்ளங்கால் கருகும் வாடை எனக்கு வந்தது. அங்கே இருந்த வேறு யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

கார்கள் போன பிறகு அக்காவை அத்தான் தூக்கிக்கொண்டு வந்து லயத்து வாசலில் உட்கார வைத்தார். பாதத்தின் நடுவில் வெள்ளிக்காசு அளவுக்கு வெந்திருந்தது. நான் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. மலாயில் போடோ, தமிழில் மடையன், கண் கெட்டவன் என்று அந்த ஆளை வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

அக்கா காலை இழுத்துக்கொண்டாள். "திட்டாதடி. அவனுக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா நாம இன்னேரம் எங்க இருப்போம்?"

பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் என்று சொல்லி, நொண்டிக்கொண்டே எழுந்து உள்ளே போய் உலை வைத்தாள்.